சோர் பஜாரில் ஒரு பழைய கிடார்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் கிடார் மோகம் பிடித்துச் சில காலம் ஆகிறது. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் மாலை நேரத்தில் நடந்து போனால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து தந்தி மீட்டும் ஓசை காதில் விழும். சில வீடுகளில் அது இரண்டு மாதத்தில் நின்றும் போகும். கிடார் பரண் மேல் ஏறிவிடும். "பிள்ளைக்கு சங்கீத ஞானம் போதாது" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஞானக் குறைவு என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் மரக் குறைவு என்பது என் அபிப்பிராயம். விரலால் அமுக்க முடியாத உயரத்தில் தந்தி நிற்கும் ஒரு வாத்தியத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அது வாசிக்கவில்லையே என்று குறைப்படுகிறோம். இந்தச் சங்கதி எனக்குத் தெரிய வந்தது, எங்கள் பகுதியில் வசிக்கும் ஒரு திருநெல்வேலிக்காரர் தம் மகளுக்குக் கிடார் வாங்கப் புறப்பட்டபோது. அவர் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடிய பிறகு காலையில் இட்லி வியாபாரம். மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். குழுவில் கிடார் வாசித்து வந்த இளைஞன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலி. கற்றுக் கொடுக்க ஆசிரியர் தயார்; வாத்தியம் மட்டும் அவளே கொண்டுவர வேண்டும்.

"அண்ணாச்சி, மூவாயிரம் ரூபாதான் இருக்கு. இதுல ஒண்ணு வாங்கி அது வெளங்கலன்னா, இன்னொண்ணு வாங்க என்னால ஆகாது" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இன்றைக்குக் கடையில் சுமாரான புதுக் கிடார் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். ஆகவே பழையதைத் தேடுவது என்று தீர்மானம் ஆயிற்று.

கல்கத்தா கிடார்கள்

பழைய கிடார் என்றதும் வெளிநாட்டுச் சரக்கை நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஹார்மனி கம்பெனி 1892ல் தொடங்கி, தபால் மூலம் சரக்கு விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் கைக்கு 1916ல் போய், ஏழை எளியவர்களுக்கு மலிவு விலையில் லட்சக்கணக்கான கிடார்களைச் செய்து கொடுத்தது. 1975ல் அது மூடப்பட்டது. அன்று மலிவு என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கிடார்களை இன்று அங்கே தேடி வாங்கிப் பழுது பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த யோகம் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு பல்லாண்டுகள் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால், 1991ல் பொருளாதாரக் கதவுகள் திறக்கும் வரை, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை தொட்டுப் பார்க்கக் கூடிய கிடார் பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்புதான். அதிலும் கல்கத்தா தயாரிப்புகளுக்கே முதலிடம். கிவ்ஸன், ஹாப்னர் என்று புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர்களை நினைவூட்டும் பெயர்களோடு அவை நாடெங்கும் ரயிலில் போயின. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் இன்றும் வாத்தியக் கடைகள் வரிசையாக இருப்பதைக் கல்கத்தா போனவர்கள் பார்த்திருக்கலாம்.

வங்காளிகளுக்குக் கிடார் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் அவர்களில் பலர் வாசித்தது மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்தியின் மேல் தேய்த்து வாசிக்கும் ஹவாயன் கிடார். ரவீந்திர சங்கீதத்தை அதில் வாசித்துத் தட்டு போட்டவர்கள் ஏராளம். இந்த வழியில் வந்ததுதான் 1967ல் சிவகுமார் சர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் வாசித்த பிரபல இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடாரும், 1994ல் கிராமி பரிசு பெற்ற விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கல்கத்தாக் கிடார்களில் சில ஹவாயன் முறைக்காக மேட்டுப்பட்டை உயர்த்தப்பட்டவை. அதாவது, தலைப் பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டையின் மேல் ஓர் உலோகத் துண்டை ஏற்றி, தந்தி எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அதைச் சாதாரணக் கிடார் என்று எண்ணி வாங்கி வந்து விரலால் அமுக்கினால், அமுங்கவே அமுங்காது. ஆனால் அந்த உலோகத் துண்டை எடுத்துவிட்டால் சில சமயம் கீழே நல்ல கிடார் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு இது முதலில் பட வேண்டும்.

மும்பையில் கிடார் வாசித்தவர்களில் கோவாக்காரர்களின் பங்கு பெரிது. தோபிதலாவில் உள்ள ஜெர் மஹால் கட்டடத்தில் கோவா கிராமங்களின் 'கூட்' என்னும் தங்குமிடங்கள் உண்டு. ஊரை விட்டு வந்த வாத்தியக்காரர்கள் இப்படிப்பட்ட இடங்களில் தங்கித்தான் ஹோட்டல்களிலும் இந்தி சினிமாவிலும் வாசித்தார்கள். 1971ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் பிரசித்தி பெற்ற பாட்டுக்குக் கிடார் வாசித்த பூபிந்தர் சிங் பஞ்சாபிக்காரர். கஜல் பாடகராகவும் பெயர் பெற்று 2022ல் காலமானார். நம் இளையராஜாவும் 1976ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன்பு பிறருடைய குழுக்களில் கிடார் வாசித்தவர்தான். எங்கள் பகுதிச் சிறுமிக்கு இந்த ஒரு விவரம் மட்டும் முன்பே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைக் காலை

பெண்டி பஜாரை அடுத்த மட்டன் தெருவில் சோர் பஜார். வெள்ளிக்கிழமை கடைகளுக்கு விடுமுறை. ஆனால் விடியுமுன் தெருவிலேயே பழைய சாமான் சந்தை கூடும். அன்று எனக்கு மதியப் பணி என்பதால் தகப்பனாரோடும் மகளோடும் நானும் போனேன். கைக்கடிகாரம், தையல் இயந்திரம், கிராமபோன் குழாய், கதவுக் கைப்பிடி இவற்றுக்கு நடுவே மூன்று கிடார்கள் கிடைத்தன.

நான் சங்கீதக்காரன் அல்ல. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் பெட்டியைக் கையால் தட்டி உள்ளே உடைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. கிடாருக்கும் அதே சோதனைதான். மேல் பலகையிலும் பின் பலகையிலும் விரல் முட்டியால் அங்கங்கே தட்ட வேண்டும். கலகலவென்று அதிர்ந்தால் உள்ளே குறுக்குச் சட்டம் ஏதோ பிரிந்திருக்கிறது என்று பொருள். அது ஒன்றும் மரண வியாதி அல்ல, ஒட்டிவிடலாம். ஆனால் தட்டும்போது மாவு போலத் தூள் கொட்டினால், குனிந்து கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான். உளுத்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. முதல் கிடார் இப்படிக் கழிந்தது.

இரண்டாவது பார்க்க மிக அழகு. சிவப்புச் சாயம், தாமரைப் பூ ஒட்டு. கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப் பக்கத்திலிருந்து பார்த்தால், தண்டவாளம் வளைவில் திரும்புவது போல ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தால் சில கிடார்களில் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். முறுக்கு அப்படி அல்ல. இதைச் சரி செய்யும் கூலியில் வேறு கிடார் வாங்கலாம்.

மூன்றாவதுதான் வாங்கியது. உள்ளே ஒட்டிய சீட்டு கிழிந்து 'கல்கத்தா' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்று ஒட்டுப் பலகையால் செய்த உடம்பு. இதைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள். கெட்டிப் பலகைக்கு நாதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் வெயிலிலும் மழையிலும் எளிதில் வெடிக்காமல் நிற்பது ஒட்டுப் பலகைதான். நாலு தந்தி இருந்தது, துருப்பிடித்து. இருக்கிற தந்தியைக் கொண்டே ஒரு பரீட்சை செய்தோம். கிடாரில் பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதி. அங்கே தந்தியை அமுக்காமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மெல்லிய ஸ்வரமும், அமுக்கி மீட்டினால் வரும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அமுக்கினால் சற்று ஏறி ஒலித்தது. தந்தி அளவுக்கு மீறி உயரத்தில் நின்றதால் அமுக்கும்போது இழுபடுகிறது. குதிரை இருக்கும் இடமே தவறாக இருந்தாலும் இப்படி வரும். அதனால் அளவு நாடாவை வைத்துப் பார்த்தோம். மேட்டுப்பட்டையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை ஒரு நீளம். அங்கிருந்து குதிரை வரை கிட்டத்தட்ட அதே நீளம், ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் கூடுதல். அந்தக் கூடுதல் இருக்க வேண்டியதுதான். ஆக, குதிரை தப்பவில்லை, உயரம்தான் கோளாறு.

கடைக்காரர் இரண்டாயிரம் என்றார். தகப்பனார் வியாபாரி; அவருக்குப் பேரம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரூ. 1,200க்கு முடிந்தது.

ஐந்து மில்லிமீட்டர்

கிராண்ட் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் தந்தி வாத்தியங்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் வந்தால் வேலை கெடுமாம். பத்தடிக்கு ஆறடிக் கடை. சித்தார், வயலின், கிடார் எல்லாம் கூரையிலிருந்து தொங்குகின்றன.

அவர் முதலில் ஒரு சின்ன அளவுகோலைப் பன்னிரண்டாவது மெட்டின் மேல் நிறுத்தினார். மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 5 மில்லிமீட்டர். நல்ல கிடாரில் அது 2 முதல் 2.5 வரை இருக்க வேண்டும். பார்வைக்கு அற்ப வித்தியாசம். பழகாத விரலுக்கோ அது ரத்தம் கட்டும் வித்தியாசம்.

உடனே குதிரையின் மேலுள்ள எலும்புப் பட்டையைத் தேய்த்துக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதி என்பதால், குதிரையில் 2 மில்லிமீட்டர் குறைத்தால் அங்கே 1 மில்லிமீட்டர்தான் குறையும். இரண்டரை குறைய வேண்டுமானால் குதிரையில் 5 குறைய வேண்டும். எலும்புப் பட்டை வெளியே தெரிவதோ 3 மில்லிமீட்டர். அவ்வளவையும் தேய்த்தால் தந்தி மரத்தில் உட்கார்ந்துவிடும். நாதம் செத்துப் போகும்.

முதியவர் கிடாரைத் திருப்பி, கழுத்தின் அடிப்பகுதி உடம்போடு சேரும் இடத்தைக் காட்டினார். அங்கே ஓர் இடுக்கு. நம் ரயில்வே பழைய அட்டை டிக்கெட்டை நுழைத்தால் நுழைந்து நிற்கும் அளவு, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். பல்லாண்டுகளாக ஆறு தந்திகளும் சேர்ந்து இழுத்ததில் கழுத்து முன்னே சாய்ந்து, அடியில் வாய் பிளந்திருக்கிறது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த ஆள் இரவு பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அடியில் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்தால், கழுத்தின் கோணம் மாறி, அது குதிரையின் இடத்துக்குப் போகும்போது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். கோளாறு ஓரிடம், நோவு வேறிடம்.

கழுத்தைக் கழற்ற வேண்டும் என்றதும் சிறுமியின் முகம் வாடிவிட்டது. ஆனால் பழைய கிடாரின் பெரிய அதிர்ஷ்டம் அதன் பசை. அந்தக் காலத்துத் தச்சர்கள் வைத்தது வச்சிரப் பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது இளகும், மறுபடி காய்ந்தால் இறுகும். முதியவர் ஒரு பழைய சமையலறைக் கத்தியை ஸ்டவ்வில் காட்டி, மெட்டுப் பலகையின் வால் பகுதிக்கு அடியில் மெல்ல மெல்ல நுழைத்தார். பிறகு மூட்டுக்குள் ஊசிமருந்துக் குழலால் கொதிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சின்ன முனகலோடு கழுத்து கையோடு வந்தது. தோல் பட்டறையில் இருபது வருஷம் உழைத்த தகப்பனார் மட்டும் அந்த வாசனையைக் கண்டு சிரித்தார். அவருக்குப் பழகிய வாசனை அது.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் கிடார் பிரிந்தால், அலமாரிக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையை எடுத்து அப்பிவிடாதீர்கள். பெவிகால் போன்ற பசைகள் 1959 முதல் நம் தச்சர்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. மர வேலைக்கு அவை உறுதியானவை. ஆனால் வாத்தியத்தின் மூட்டு நாளைக்கு மறுபடியும் பிரிக்கப்பட வேண்டியது. வெள்ளைப் பசை ஊறிய மரத்தில் வச்சிரம் சரியாகப் பிடிக்காது என்பதால், பின்னால் வருகிற தொழிலாளி அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் செலவிட வேண்டும்.

வீணையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கின்றன. மெழுகு இளகி ஸ்வரம் விலகினால், மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்கள். வாத்தியம் அவிழ்த்துக் கட்டுவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்துக் கைகள் எல்லா ஊரிலும் அறிந்திருந்தன போலும்.

பழைய பசையைக் கழுவி, மூட்டின் அடிப்பகுதியை ஒரு வழித்தல் வழித்து, கழுத்தைச் சற்றே பின்னுக்குச் சாய்த்துப் பொருத்தினார். இறுக்கிக் கட்ட இடுக்கி இல்லை. சைக்கிள் ட்யூபை நீளமாக நறுக்கிய ரப்பர் பட்டையைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினார். நான்கு நாள் தொடக் கூடாது என்று உத்தரவு. அதற்குள் பிரிந்த குறுக்குச் சட்டத்தை ஒலித்துளை வழியாகக் கையை விட்டு ஒட்டி, ஒரு கார்க்கும் திருகாணியும் கொண்டு முட்டுக் கொடுத்தார். வளர்ந்த ஆண் கை உள்ளே போகச் சிரமப்பட்டது. கடைசியில் முட்டை நிமிர்த்தி வைத்தது அந்தப் பெண்ணின் கைதான். தன் கிடாரின் உள்ளே கை விட்டுப் பார்த்த மாணவிகள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் அளந்தால் ஐந்து என்பது மூன்றரைக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. மிச்சத்துக்கு எருமை எலும்பில் புதுப் பட்டை. கண்ணாடித் துண்டின் மேல் உப்புக் காகிதத்தை விரித்து, எட்டு முறை தேய்ப்பதும் ஒரு முறை வைத்துப் பார்ப்பதுமாக, 2 மில்லிமீட்டர் குறைத்தார். இப்போது பன்னிரண்டாவது மெட்டில் 2.4. முறுக்காணிகளின் பல்சக்கரத்தில் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. மெட்டுகளை நடுவே பலகையில் காகித நாடா ஒட்டிப் பாதுகாத்துக்கொண்டு மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்த்ததில் அவை பளிச்சென்று ஆயின. மேல் சாயத்தை அவர் தொடவில்லை. ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. பழைய கிடாருக்கு வார்னிஷ் அடித்துத் தரும்படி கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கனத்த பூச்சு மேல் பலகையின் அதிர்வைக் குறைத்துவிடும் என்கிறார்.

தந்தியில் சிக்கனம் வேண்டாம்

கூலி ரூ. 1,400. தந்தி ரூ. 350. ஆக மொத்தம் ரூ. 2,950. புதுக் கிடாரைவிட ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் மிச்சம். அலைந்த அலைச்சலுக்கு இது லாபமா என்று கேட்டால், கணக்குப் புத்தகத்தில் லாபம் சொற்பம்தான். ஆனால் மலிவான புதுக் கிடார்களிலும் பலவற்றில் தந்தி உயரமாகத்தான் வருகிறது. அதையும் ஒரு கைகாரரிடம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

தந்தி வாங்கும்போது மெல்லிய ரகம் கேட்க வேண்டும். முதல் தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு பருமனுள்ளது சாதாரண ரகம். பத்து பங்கு உள்ளது மெல்லியது. மெல்லியதில் மொத்த இழுவிசை சுமார் 60 கிலோவாகக் குறையும். விரலுக்கும் சுகம், பழைய மூட்டுக்கும் ஆயுள். நைலான் தந்திக்காகச் செய்த கிடார் என்றால் எஃகுத் தந்தி கட்டவே கூடாது. அதன் உடம்பு ஏறக்குறைய 40 கிலோவைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

முதியவர் சொல்லிக் கொடுத்த இன்னொரு உபாயம்: முதல் சில மாதங்களுக்கு ஆறு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்ப்பது. அப்படிச் செய்தால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டாவது மெட்டில் காப்போ என்னும் கவ்வியை மாட்டினால் பழைய சுருதியே வந்துவிடும். தந்தியும் இன்னும் தாழ்ந்து நிற்கும். பாடகர் குழுவோடு சேர்ந்து வாசிக்கத் தடை இராது.

இனி மழைக்காலம்தான் எதிரி. மும்பையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். வச்சிரப் பசை இளகுவதும், ஒட்டுப் பலகை ஓரத்தில் பிரிவதும் அப்போதுதான். உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது கூடாது; தரை ஈரம் ஏறும். வெளிச் சுவரில் மாட்டினால் சுவர் ஈரம் ஏறும். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் இருக்கப் போவதானால் இரண்டு சுற்றுத் தளர்த்தி வைப்பது நல்லது.

அந்த வீடு ஒற்றை அறை. மூன்று சுவர் வெளிச் சுவர். நான்காவது, அடுத்த குடித்தனத்தோடு பொதுவான சுவர். தகப்பனார் அந்தச் சுவரில், இட்லிப் பானை வைக்கும் பலகையிலிருந்து ஆவி படாத தூரத்தை முழம் போட்டு அளந்து, இரண்டு மர முளை அடித்துத் துணி சுற்றியிருக்கிறார். கிடார் இப்போது அங்கேதான் தொங்குகிறது. சிறுமிக்கு நாலு பிடிகள் வந்துவிட்டன. எஃப் என்கிற பிடி மட்டும், ஆறு தந்தியையும் ஒரே விரலால் அமுக்க வேண்டியது, இன்னும் முழுதாக ஒலிக்கவில்லை. இரண்டாவது தந்தி மட்டும் மக்கர் செய்கிறதாம்.